காற்றில்லாத நாளிலும் சுற்றிய காற்றாலை

தீப்பெட்டி வாங்கினால் குச்சிகளை எண்ணிப் பார்க்கிறவன் நான். குறைந்தால் கடைக்காரர் மேல் சந்தேகம். சரியாக இருந்தால், இதில் என்ன சூழ்ச்சியோ என்று இன்னும் பெரிய சந்தேகம். இப்படிப்பட்டவன் ஒரே ஓர் ஆசாமியை மட்டும் சந்தேகிக்காமல் விட்டுவிட்டேன். என்னைத்தான். அதனால் என்ன ஆயிற்று என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நான், மனைவி சாரதா, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் மீனா ஆகிய மூவர். எனக்குத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. (ஆபீஸில் எண்ணுவது போதாதென்று வீட்டிலும் எண்ணுகிறார் என்பது சாரதாவின் நிரந்தர வழக்கு.) தினமும் காலையில் பால்காரர் கோவிந்தன் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து கறப்பார். தண்ணீர் கலக்கிறாரா என்று செம்பின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நிற்பேன். அதனால் மாட்டின் முகத்தைப் பார்க்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

ஒரு நாள் பார்த்தேன். மாடு தன் கன்றை நக்கிக்கொண்டிருந்தது. கன்று அசையவில்லை. வெளியே தோல், உள்ளே வைக்கோல், கண் இருக்க வேண்டிய இடத்தில் தையல்.

"கன்னு செத்துப் போச்சுங்க. இதைக் காட்டலைன்னா பால் இறங்காது. எல்லாரும் செய்யறதுதான்," என்றார் கோவிந்தன்.

அன்று காபி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நாங்கள் பரம்பரைச் சைவம். முட்டைகூட எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்ட நாம் ஒரு தாயை ஏமாற்றிக் கறந்ததைக் குடிக்கலாமா என்று அன்று மாலை நீண்ட பிரசங்கம் செய்தேன். பால், தயிர், மோர், நெய் நான்கும் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. பதிலாக நிலக்கடலையை ஊறவைத்து மிக்ஸியில் அரைத்து வடிகட்டிய பால். அதில் காபி போட்டால் மேலே எண்ணெய் மிதக்கும். மீனா அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். சாரதா கண்ணைத் திறந்துகொண்டு, என்னைப் பார்த்தபடியே குடித்தாள். அது இன்னும் மோசம்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். "கடலைக்கும் மிக்ஸிக்குமா சேத்து ஆகுற செலவு, பாலுக்குக் கொடுத்ததைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா பால் திரும்பி வரும். அப்ப நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

முதல் கரண்ட் பில்லே உயர்ந்து வந்தது. எனக்கு மீட்டர் மேல் சந்தேகம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எதிரே நின்று பார்த்தேன். உள்ளே இருந்த தட்டு அசையவில்லை. நான் பார்ப்பது தெரிந்துதான் நிற்கிறது என்று தோன்றியது.

ஆடி பிறந்தது. மாடியில் காயப்போட்ட வேட்டி பறந்துபோய் அடுத்த தெருவில் கிடந்தது. அதை எடுக்கப் போன வழியில்தான் யோசனை உதித்தது. இவ்வளவு காற்று சும்மா போகிறது, இதற்கு மீட்டரும் கிடையாது. மிக்ஸியை ஓட்ட முடியாவிட்டாலும் விளக்குகளைக் காற்றில் எரித்துவிட்டால் பில் இறங்கிவிடுமே. பாலக்கரையில் பழைய கார் டைனமோ ஒன்று வாங்கினேன். தச்சரிடம் மர இறக்கைகள் செய்து, சைக்கிள் செயின் பூட்டி, கார் பேட்டரி ஒன்றையும் இணைத்து மாடியில் நிறுத்தினேன். போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்று சாரதா கேட்டாள். கணக்குப் போட்டேன். இறக்கை உடையாமல், பேட்டரி சாகாமல், நானும் தொண்ணூறு வயதுவரை இருந்தால் வந்துவிடும்.

ஆடி முழுவதும் அது பேயாகச் சுற்றியது. சமையலறையிலும் கூடத்திலும் சின்ன பல்புகள் ஜம்மென்று எரிந்தன. தெருவில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள். (டிக்கெட் வைத்திருக்கலாம்.)

ஐப்பசியில் காற்று ஓய்ந்தது. இறக்கைகள் சோம்பேறித்தனமாக எப்போதாவது அசைந்தன. பேட்டரிக்குப் புதிதாக ஒன்றும் போய்ச் சேரவில்லை. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருந்தது. அது அவ்வப்போது 'டிக்' என்று சத்தம் போடும். எனக்கு அதன் மேல் சந்தேகம் விழுந்தது. வருகிற கொஞ்சநஞ்சக் கரண்டையும் நடுவில் உட்கார்ந்து இதுதான் தின்கிறது என்று முடிவு செய்து, பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒயரை நேராக இணைத்தேன்.

இணைத்த மாத்திரத்தில் காற்றாலை சுற்றத் தொடங்கியது. தெருவில் ஓர் இலை அசையவில்லை. இது மட்டும் நிதானமாக, அழகாகச் சுற்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் சாயங்காலமானால் பேட்டரி காலி. பகலெல்லாம் சுற்றுவதைக் கண்ணால் பார்க்கிறேன். இரவில் பல்பு மினுக்குவதையும் பார்க்கிறேன். நடுவில் ஒரு திருடன் இருந்தே ஆகவேண்டும். மீனா ஒளிந்து கதைப்புத்தகம் படிக்கிறாளா என்று விசாரித்தேன். வாடிக்கை போன ஆத்திரத்தில் கோவிந்தன் ஆள் வைத்திருப்பாரோ என்று மாடிக் கதவைப் பூட்டினேன். சாரதா பக்கத்து வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் அருகில் நின்று மோந்து பார்த்தேன். (அது வேறு விசாரணை. அங்கே பசும்பால் காபி கிடைக்கும்.) திருடன் அகப்படும்வரை தற்காலிக உதவியாக, நண்பரிடம் ஒரு சார்ஜர் இரவல் வாங்கி, வீட்டு பிளக்கிலிருந்தே பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றி வந்தேன்.

மார்கழியில் வந்த பில்லைப் பார்த்துவிட்டு, கோவிந்தனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று சாரதா கேட்டாள். நான் மேல்முறையீடு செய்தேன். நடுவராக அவள் தம்பி நடராஜனை இருவரும் ஒப்புக்கொண்டோம். அவன் கைலாசபுரத்தில் இருந்தான், தொழிற்சாலையில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட வேலை பார்க்கும் இரண்டு நண்பர்களோடு வந்தான். எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனேன். சாரதாவும் மீனாவும் பின்னால் வந்தார்கள்.

"பாத்தியா நடராஜா, எங்கேயாவது ஒரு இலை அசையுதா? இது சுத்துது பாரு," என்றேன்.

பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்புப் புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. நண்பர்களில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். துவண்டு தொங்கியது. காற்றாலையின் அருகே கொண்டுபோனார். படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தான், காத்து இதிலேர்ந்துதான் வருது," என்றான் நடராஜன், மிகவும் மரியாதையாக.

"அதைத்தான் நானும் சொல்றேன். வேற எங்கேயும் இல்லாத காத்து இங்க இருக்கு," என்றேன். (இந்த வாக்கியத்தை நான் மறந்தாலும் குடும்பத்தில் யாரும் மறக்கவில்லை.)

நடராஜன் பேட்டரி ஒயரைக் கழற்றினான். காற்றாலை நின்றது. மாட்டினான். சுற்றியது.

"இது காத்தாலை இல்ல அத்தான். ஃபேன்."

பிறகு பொறுமையாக விளக்கினான். நான் கழற்றி எறிந்த தகரப் பெட்டிதான் காவல்காரன். காற்று குறைந்ததும், பேட்டரியில் சேர்ந்த கரண்ட் டைனமோவுக்குத் திரும்பிப் போகாதபடி கதவைச் சாத்துவது அதன் வேலை. அது போனபின் கரண்ட் திரும்பி ஓடியது. டைனமோ மோட்டாராகி இறக்கையைச் சுற்றியது. திருட்டுப் போகிறதென்ற சந்தேகத்தில் நான் காவல்காரனை வேலையைவிட்டு நீக்கியிருக்கிறேன்.

சாரதா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். அவளும் கணக்கு அறிந்தவள்தான்.

"அப்ப நாம காசு குடுத்துக் கரண்ட் வாங்கி, மொட்டை மாடிக்குக் காத்து வீசியிருக்கோம். அதுவும் மார்கழியில," என்றாள்.

நண்பர்கள் இருவரும் அவசரமாகப் படியிறங்கினார்கள். தெருமுனைவரை அடக்கிக்கொண்டு போயிருக்கலாம். வாசலிலேயே சிரித்துவிட்டார்கள்.

பால் திரும்பி வந்தது. மறுநாள் விடியற்காலையில், வாயைத் திறக்காமல், கோவிந்தனின் மாட்டுக்காகவும் அந்த வைக்கோல் கன்றுக்காகவும் வாசலில் காத்து நின்றேன். அவர் வரவில்லை. சாரதா கொல்லைப்பக்கமாக ஒரு தூக்குவாளியோடு வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மாடும் உயிருள்ள கன்றும் இருக்கின்றனவாம். கன்று குடித்த பிறகு மிஞ்சுவதைத்தான் கொடுப்பார்களாம். விலை அதிகம், பால் குறைவு.

"நீங்க சொன்னது தப்பு இல்லைங்க. கணக்குதான் தப்பு," என்றாள்.

அதற்குப் பிறகு பால் வாங்கி வருவது என் பொறுப்பாயிற்று. கன்று நிஜமாகவே வயிறாரக் குடிக்கிறதா என்று சந்தேகமாக இருந்ததால், குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். நீங்க இப்படி மொறைச்சிக்கிட்டே நின்னா அது எப்படிங்க குடிக்கும் என்று அந்த வீட்டம்மா ஒரு நாள் கேட்டே விட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் காலி அறையில் ஃபேன் சுற்றினால் யாரும் திட்டுவதில்லை. அணைப்பதும் இல்லை. "இருக்கட்டும், அப்பா கரண்ட் தயாரிக்கறாங்க," என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான்தான் எழுந்துபோய் அணைக்க வேண்டும். மீனாவின் ஐந்து வயது மகள் போன வாரம் அதையே மழலையில் சொன்னாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தீர விசாரித்தேன். எனக்கு முதலிலேயே நடராஜன் மேல்தான் சந்தேகம். அவனேதான். என் சந்தேகம் சரியாக இருந்தது அந்த ஒரு முறைதான்.