ஆசாரியின் யந்திரமும் என் பெயரும்

ஆயுளில் நான் ஒரே ஒரு திருட்டுத்தான் செய்திருக்கிறேன். அதையும் சர்க்கார் முத்திரையோடு செய்தேன்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். நாமகிரிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே நான் ஒருவன்தான் பி.ஏ. (அந்தத் திமிரை ஊர் பொறுத்துக்கொண்டது.) கருப்பண்ண ஆசாரி நிலக்கடலை உடைக்க ஒரு கை யந்திரம் செய்திருந்தார். யாராவது குறை சொன்னால் மறுநாளே உளியை எடுத்து மாற்றிவிடுவார். வாரத்துக்கு வாரம் யந்திரம் தேறிக்கொண்டே வந்தது.

“இப்படியே உட்டா எவனாச்சும் காப்பியடிச்சுப் போடுவான், ஆசாரி. பேட்டண்டு வாங்கோணும்” என்றேன்.

“அதென்னுங்க சாமி?”

“உன்னையத் தவிர ஒருத்தனும் இதைச் செய்யக் கூடாதுன்னு சட்டம்.”

“நல்லதாப் போச்சுங்க. எழுதிப் போடுங்க.”

கல்கத்தா பேட்டண்ட் ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன், என் பெயரில். ஆசாரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். (கட்டைவிரல் இருந்தது. அயோக்கியனுக்கு அது தோன்றவில்லை.)

பேட்டண்ட் வந்தபோது ஆசாரி தம் மைத்துனருக்கு இன்னொரு யந்திரம் செய்துகொண்டிருந்தார். இனி அதைத் தொடக் கூடாதென்று, செய்தவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன்! இன்று நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

விண்ணப்பத்தில் வரைந்திருந்தபடி சேலத்துப் பட்டறையில் ஒன்று செய்வித்து, சந்தையில் வியாபாரிகளைக் கூட்டிக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினேன். பருப்பெல்லாம் நொறுங்கிக் கொட்டியது.

“பி.ஏ. மாவு அரைக்கிறாருடோய்!” என்று எவனோ கத்தினான்.

கூட்டத்தில் ஆசாரி நின்றிருந்தார். “ஆசாரி, என்னன்னு கொஞ்சம் பாரு!”

மடியிலிருந்து நோட்டீஸை எடுத்தார். “தொட்டாக் குத்தமுன்னு வந்திருக்குதுங்களே சாமி. எழுத்துல அனுமதி குடுங்க.”

அதன் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.

“நமக்குப் படிக்கத் தெரியாதுங்க. சத்தமாப் படிங்க.”

சந்தை முழுவதும் கேட்கப் படித்தேன்.

ஆசாரி பழைய சைக்கிள் டயரை அறுத்து உருளையில் சுற்றினார். பருப்பு முழுசு முழுசாக விழுந்தது.

“இந்த ரப்பரையும் உங்க பேர்ல எழுதிக்குங்க சாமி” என்று சொல்லிவிட்டு நடந்தார். பிறகு அவர் வண்டிச் சக்கரம் தவிர வேறெதையும் செய்யவில்லை.

புதிதாக யோசிப்பவனை வளர்க்கும் சட்டமாம்! வாரந்தோறும் வளர்ந்த யந்திரம் என் காகிதத்தில் அகப்பட்ட அன்றே நின்றுபோனது. சட்டத்தை மட்டும் திட்டித் தப்பிக்கவும் முடியாது. பேனா என் கையில்தான் இருந்தது.

இன்றும் மனைவி வைத்த குழம்பைப் பற்றி விருந்தாளியிடம் நான் பெருமையாக வாயெடுத்தால் போதும். “அதையும் உங்க பேர்ல எழுதிக்குங்க சாமி!” என்பாள் பேத்தி. வீடே சிரிக்கும்.

நானும் சிரிக்கிறேன், மானங்கெட்டவன்.