உண்டியலில் எடுத்த காசு

என் அக்காவின் கலியாணத்தைக் குழப்பியது செவ்வாய் தோஷம் அல்ல. சீதனமும் அல்ல. நான்தான். அதுவும் ஒரு மைக்குக்கு முன்னால் நின்று, கைதட்டல் வாங்கி, பொன்னாடையும் போர்த்துக்கொண்டு குழப்பினேன். இதை ஒளித்துப் பிரயோசனம் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சனம் முழுவதும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டது. (இப்போதும் யாராவது அதைப் புதிதாகக் கண்டுபிடித்து எனக்கே அனுப்பிவைக்கிறார்கள், கீழே ஒரு சிரிக்கும் மூஞ்சியும் போட்டு.)

நாடு வங்குரோத்தாகிப் போயிருந்த காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. நான் சண்டிலிப்பாயில் ஒரு ரியூட்டரியில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் இருக்கும்போது படிப்பிப்பேன். இல்லாதபோது கைத்தொலைபேசியில் கிரிப்டோ நாணயம் பற்றிய வீடியோக்கள் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து, உலகப் பொருளாதாரத்தின் நாடி என் கையில் பிடிபட்டுவிட்டது என்றே நம்பிவிட்டேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் வாங்கியும் வைத்திருந்தேன். அதன்பிறகு யாராவது ‘ரூபாய்’ என்று சொன்னால் இரக்கத்தோடு சிரிப்பேன். (அந்த ரூபாயில்தான் அம்மா எனக்கு மூன்று நேரமும் சாப்பாடு போட்டார்.)

அந்த வருடக் கோயில் திருவிழாவில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். வழக்கமாக எங்கள் கோயிலில் கற்பில் சிறந்தவள் யார் என்பதுதான் தலைப்பு. இந்த முறை இளைஞர் மன்றத்தார் காலத்துக்கு ஏற்ற தலைப்பு வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ‘அரசுக்குக் கட்டுப்படாத கிரிப்டோ நாணயம் நாளைய உலகின் பொது நாணயம் ஆகுமா?’ ஆகும் என்று பேச நான். ஆகாது என்று பேசக் கருணாகரன். நோட்டீசில் அணிக்கு மூன்று பேர் போட்டிருந்தது. மற்ற நாலு பேரும் பெற்றோல் வரிசையை விட்டு வரமுடியாமல் நின்றுவிட்டார்கள்.

கருணாகரனுக்குச் சாவகச்சேரியில் ஒரு வங்கியில் உத்தியோகம். கோயில் தலைவர் ஐயாவின் ஒரே மகன். அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும் அவர்தான். திருவிழா முடிந்த அடுத்த மாதம் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம், வைப்பதாக இருந்தது. அக்காவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. பொருந்தாத சாதகங்கள், பொருந்தியும் வாய் பொருந்தாத மாமியார்கள் என்று எத்தனையோ சம்பந்தங்கள் தட்டிப்போய், கடைசியில் வந்தவர் இவர். இவர் தொலைபேசியில் கோல் எடுத்தால் அக்கா கிணற்றடிக்குப் போய்நின்று கதைப்பாள். அங்கிருந்து அவள் சிரிக்கும் சத்தம் குசினிக்குக் கேட்கும். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பட்டிமன்றத்துக்கு வெளிக்கிடும்போது அக்கா என் சேட்டுக் கையைப் பிடித்து நிற்பாட்டினாள்.

“தம்பி, இண்டைக்கு நீ தோத்துப்போ.”

“என்னது?”

“அவர் மேடையிலை கதைக்கக் கூச்சப்படுறவர். அவரின்ரை மனேச்சரும் முன்வரிசையிலை வந்து இருக்கப்போறாராம். கொஞ்சம் விட்டுக்குடன்.”

“உலகப் பொருளாதாரத்திலை விட்டுக்குடுக்கிறது எண்டெல்லாம் இல்லை அக்கா.”

“விசர்க்கதை கதையாதை. எனக்காகச் செய். உன்ரை வாயாலை ஒண்டும் குழம்பிப் போகக்கூடாது.”

“ஓம்” என்றேன். அந்த ஓமை நான் மனதறிந்துதான் சொன்னேன். நம்புங்கள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் உண்டியல் என்றால் இரண்டு. ஒன்று கோயிலில் சாமிக்கு முன்னால் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் இரும்புப் பெட்டி. மற்றது, வெளிநாட்டில் இருந்து வங்கிக்குத் தெரியாமல் காசு வரும் வழி. ரொறன்ரோவில் இருக்கும் மாமா அங்கே ஒருவரிடம் டொலரைக் கொடுப்பார். அன்று பின்னேரமே இங்கே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சொப்பிங் பையில் ரூபாயைத் தந்துவிட்டுப் போவார். கையெழுத்து இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, வங்கியைவிடக் கூடின விலை. சட்டப்படி குற்றம். ஆனால் எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக் கூரை அதில்தான் ஏறியது. கோயிலின் புதிய கோபுரத்துக்கும் வெளிநாட்டுச் சனம் அனுப்பிய காசு அந்த வழியால்தான் வந்தது. கொழும்புத்துறையில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் கொண்டுவந்து கொடுக்க, தலைவர் ஐயா வாங்கித் திருப்பணிக்குச் செலவழித்தார். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பட்டிமன்றம் தொடங்கியது. முன்வரிசையில் தலைவர் ஐயா, பக்கத்தில் வங்கி முகாமையாளர். பெண்கள் பக்கத்தில் அக்கா. நான் முதலில் எழும்பினேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்குப்படி பாதி வேகத்தில்தான் பேசினேன். “இந்த ரூபாயைக் கெடுத்தது ஆர்? அரசாங்கம்! அரசாங்கம் கைவைக்கேலாத காசு ஒண்டு எங்களிட்டை இருந்திருந்தால் இண்டைக்கு வரிசையிலை நிப்பமோ?” வரிசையில் நின்று காய்ந்து வந்திருந்த சனம் கைதட்டியது. நான் பெருந்தன்மையோடு போய் என் இடத்தில் இருந்துகொண்டேன்.

கருணாகரன் எழும்பினார். கையில் இருந்த தாளை ஒருமுறை பார்த்து மடித்தார். கூச்சப்படுகிறவரின் குரலாக அது இருக்கவில்லை.

“அரசாங்கம் பிழை விட்டது மெய்தான். ஆனா பிழை விட்டது ஆரெண்டு எங்களுக்குத் தெரியும். றோட்டிலை இறங்கி நிண்டு ஏசினனாங்கள். கிரிப்டோவிலை ஒருத்தன்ரை காசு துலைஞ்சால் அவன் எந்தப் படலையிலை போய்த் தட்டுறது? இன்னொண்டு. அது சின்னனா இருக்கும்வரைக்கும்தான் சுதந்திரம். சனம் முழுக்கப் பாவிக்கத் தொடங்கினால் அரசாங்கம் வரியோடையும் சட்டத்தோடையும் வந்து நிக்கும். பொது நாணயமாவும் வரவேணும், கட்டுப்பாடும் இருக்கக்கூடாது எண்டால் அது நடவாத காரியம்.”

யாரோ விசில் அடித்தார்கள். முகாமையாளர் தலையாட்டினார். அக்கா கருணாகரனைப் பார்த்துச் சிரித்தாள், அவரும் மேடையில் இருந்தபடி திரும்பச் சிரித்தார். நான் அதைக் கண்டேன். அந்த இடத்தில் என் ஆயுளை முடித்துவைக்கக் கடவுளுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது, அவர் தவறவிட்டுவிட்டார்.

நடுவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், என் பக்கம் திரும்பினார். “படலைக் கேள்விக்குத் தம்பியிட்டை மறுமொழி ஏதும் இருக்கோ? இல்லாட்டில் மணியை அடிச்சு முடிப்பம்.” சபை சிரித்தது. பின்னால் இருந்த என் ரியூட்டரிப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குக் காதுவரை சூடேறியது. அக்கா கண்ணால் வேண்டாம் என்றாள். நான் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

“எந்தப் படலை எண்டோ கேக்கிறியள்? வங்கியும் அரசாங்கமும் இல்லாமல் காசு ஓடாதோ? எங்களுக்கு இது புதுசோ? உந்தக் கோபுரத்தைக் கட்டினது எந்த வங்கி? எங்கடை தலைவர் ஐயா உண்டியலிலை எடுத்த காசுக்கு ஆருக்குக் கணக்குக் காட்டினவர்? ஒருத்தருக்கும் இல்லை! ஒருத்தர் கேட்டதும் இல்லை! அதுதான் சுதந்திரம்!”

நான் அவரைப் புகழ்ந்தேன். சத்தியமாகப் புகழ்ந்தேன். ஆனால் நான் கையை நீட்டிய திசையில் கோபுரத்துக்குப் பதிலாகச் சிவப்புத் துணி கட்டிய கோயில் உண்டியல் நின்றது. பின்வரிசை இளைஞர்கள் விசிலடித்தார்கள். நடுவரிசையில் இருந்த பெண்கள் நெஞ்சில் கைவைத்தார்கள். யாரோ ஒரு கிழவர் “சிவ சிவா” என்றார்.

என்னவோ பிழைத்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அதில் நிற்பாட்டியிருந்தாலும் பாதிச் சேதத்தோடு போயிருக்கும். நான் திருத்தப் போனேன்.

“கோயில் உண்டியல் இல்லை! ஐயோ, நான் சொன்னது மற்ற உண்டியல்!”

வங்கி முகாமையாளர் தலையாட்டுவதை நிறுத்தினார். திரும்பித் தலைவர் ஐயாவைப் பார்த்தார், பிறகு கருணாகரனைப் பார்த்தார். இவ்வளவையும் நான் ஒரு மூச்சில் செய்து முடித்தேன்: ஒரு வசனத்தில் மனிதரைச் சாமியின் காசைத் திருடியவர் ஆக்கினேன், அடுத்த வசனத்தில் சட்டத்தை மீறியவர் ஆக்கினேன்.

அதைவிடக் கேவலம், நான் வென்றேன். கைதட்டல் எந்தப் பக்கம் கூட என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் அவர். வென்றவருக்குப் பொன்னாடை போர்த்துவது தலைவரின் வேலை. தலைவர் ஐயா மெல்ல மேடை ஏறி வந்தார். பொன்னாடையை விரித்து, என் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் சரிபார்த்து இழுத்துவிட்டார்.

“நல்லாக் கதைச்சீர் தம்பி” என்றார்.

நாங்கள் வீட்டுப் படலையைத் திறப்பதற்குள் வீடியோ கனடா போய்விட்டது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை; ‘எங்கடை தலைவர் ஐயா உண்டியலிலை எடுத்த காசு’ என்று தொடங்கி, ‘ஒருத்தருக்கும் இல்லை’ என்று முடிகிற துண்டு. நான் விளக்கம் சொல்லி ஒரு வீடியோ போட்டேன். அதைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் நான்தான்.

வெளிநாட்டில் இருந்து பொதுக்கூட்டம் கேட்டார்கள். தலைவர் ஐயா செலவுக் கணக்கு முழுவதையும் கொண்டுவந்து வைத்தார். சீமெந்துக்கும் சிற்பிக்கும் கொடுத்தது எல்லாம் சரியாக இருந்தது. வந்த காசுக்குத்தான் ஒரு துண்டும் இல்லை. அனுப்பியவர்கள் ஆளுக்கு ஆள் அனுப்பியதைவிடக் கூட நினைவு வைத்திருந்தார்கள். கொழும்புத்துறைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஆனால் உண்டியல்காரரைப் பொலிஸ் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். தலைவர் ஐயா அவர் பெயரைச் சொல்லவில்லை. கோயில் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரே வந்து படலையைத் திறந்து, இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் தந்தார். நான் அழுதேன்.

“அழாதையும். நீர் சொன்னது பொய்யெண்டால் நான் அதிலையே எழும்பி மறுத்திருப்பன். பொய் இல்லை, அதுதான் கரைச்சல்” என்றார். என் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, “எங்கடை வழியிலை நம்பிக்கை இருந்தது தம்பி, சாட்சிதான் இல்லை” என்றார்.

கலியாணத் தரகர் மூலம் செய்தி வந்தது: எழுத்தை இப்போதைக்குத் தள்ளிவைப்போம். கருணாகரனை வங்கி விசாரித்துத் தூர இடத்துக்கு மாற்றியது. அந்த ‘இப்போதைக்கு’ முடிவதற்கு முன்பே அவருக்கு மன்னார்ப் பக்கத்தில் கலியாணம் நடந்தது. அக்கா கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ள மட்டும் போனாள். என்னோடு அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னுடைய கிரிப்டோ என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதை வாங்கி வைத்திருந்த நிறுவனம் ஒருநாள் விடியும்போது இணையத்தில் இல்லை. நான் கடிதம் எழுதினேன். உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியமானது என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது, பிறகு அதுவும் பதில் போடவில்லை. கருணாகரன் கேட்ட படலையை நான் மெய்யாகவே தேடிப் பார்த்துவிட்டேன்.

தலைவர் ஐயா அந்த அவமானத்தோடு வீட்டுக்குள்ளேயே இருந்து, அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் செத்துப்போனார். செத்தவீட்டுக்குக் கொழும்புத்துறைக்காரர் வந்தார். பிரேதப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, சனத்துக்கு முன்னால் குழறி அழுதார். “ஒரு சதம் எடுக்காத மனுசன் ஐயா! நான் குடுத்த காசை எனக்கு முன்னாலை எண்ணி மேசனிட்டைக் குடுத்தவர்! என்னைக் காட்டிக்குடாமல் செத்துப் போனாரே!” ஊர் முழுவதும் அங்கே நின்றது. எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருந்தது. ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குக் கலியாணமாகி ஒரு மகளும் இருக்கிறாள். அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் “பற்றுச்சீட்டு இருக்கோ?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டிட்டன் என்றால், பற்றுச்சீட்டு இருக்கோ? பல் விளக்கிட்டன் என்றால், பற்றுச்சீட்டு? இதைத் தொடங்கிவைத்தது அக்காதான். கதைக்கப் பழகிய நாளில் இருந்து மகளும் கேட்கிறாள்.

போன பொங்கலுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் அக்காவிடம் சத்தமாகக் கேட்டாள்.

“மாமி, உங்களுக்கு மட்டும் ஏன் மாப்பிளை இல்லை?”

எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பொங்கலில் இருந்த முந்திரியைப் பொறுக்கி மகளின் வாழையிலையில் வைத்தாள்.

“எனக்கும் ஒருத்தரை அனுப்பினவை பிள்ளை. உண்டியலிலைதான் அனுப்பினவை. வாற வழியிலை ஆள் துலைஞ்சு போச்சு. பற்றுச்சீட்டும் இல்லை, எந்தப் படலையிலை போய்த் தட்டுறது?”

வீடே குலுங்கிச் சிரித்தது. அக்காதான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தாள், கண்ணால் தண்ணீர் வழிய. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனாள்.