சைக்கஸ் நலம், வேன் வேண்டாம்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

இல்லை, சாகவில்லை.

நீங்கள் முதலில் கேட்டது அது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன். மற்றபடி அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சித்தியின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். புது வீட்டு வாசலில் தோட்டம் அமைந்ததில் மகிழ்ச்சி. முழு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

"என் சைக்கஸ் மரம் செத்திருந்தால் ஒரு வரி எழுது, திட்ட மாட்டேன். இருந்தால் மாதக் கடைசியில் வேனோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா உடனே சொன்னாள்: "செத்துப்போச்சுன்னு எழுதிடு. யாரு வந்து நாடி பிடிச்சுப் பாக்கப்போறா?" பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. மரத்தைப் பறிகொடுக்கக்கூட மனம் ஒப்பலாம். அதைச் சாகவிட்டவள் என்ற பெயரோடு இருக்க ஒப்பவில்லை.

நீங்கள் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது அதைத் தொட்டியோடு எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனீர்கள். தொட்டி வெடித்தது. தரையில் நட்டேன். நட்ட கையோடு ஒவ்வொரு மட்டையாக மஞ்சளாகி, கடைசியில் மொட்டை, அன்னாசித் தோல் போர்த்திய உரல் மாதிரி ஒரு கட்டை, அப்பா அதன்மேல் காலைத் தூக்கிவைத்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தார், அம்மா மிதியடியைக் காயப்போட்டாள், எதிர்வீட்டு அக்கா வந்து எதுக்கும்மா கட்டைக்குப் போய்த் தண்ணி ஊத்துறே என்றார், ஊத்தலையே அக்கா, ஊத்தாம இருக்கிறதுதான் வைத்தியம், வேர் அழுகிடும் என்றேன், அப்புறம் எதுக்குத் தினமும் பூவாளியும் கையுமா நிக்கிறே என்றார், விரல்விட்டு மண் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க நிற்கிறேன், பூவாளி சும்மா ஒரு தைரியத்துக்கு என்று எப்படிச் சொல்வது, சொன்னேன், அன்றிலிருந்து அவர் என்னோடு கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறார்.

காத்திருந்தேன். அது பனை மாதிரி இருக்கும், பனை இல்லை. அவசரமும் இல்லை.

பிறகு ஒரு காலை. உச்சியில் பழுப்பு ரோமம். தொட்டால் பூனைக் காது.

எல்லா ஓலையும் ஒன்றாகத்தான் வரும் சித்தப்பா, உங்களுக்குத் தெரியும். சுருண்டு சுருண்டு. அம்மா அதைப் புழு என்று நினைத்துச் சோப்புத் தண்ணீரோடு பாய்ந்தாள். குறுக்கே நின்றேன். முழுக்க நனைந்தேன். மரத்தின்மேல் ஒரு சொட்டும் படவில்லை.

இப்போது வந்து பார்க்க வேண்டும். வட்டமாக, கரும்பச்சையாக, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி ஒரு மினுமினுப்பு. தபால்காரர் ஓலையில் இடிக்காமல் சுற்றிக்கொண்டு வருகிறார். எதிர்வீட்டு அக்கா தன் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுகிறார். என் ஆய்வுக்கட்டுரையை யாரும் இப்படி நின்று பார்த்ததில்லை. அப்பா சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போட்டோ அனுப்பினார், "எங்கள் மரம்" என்று போட்டு. லேஸ் கட்டியவர். உங்களுக்கு அந்தப் போட்டோ வரவில்லை என்றால் அது தற்செயல் இல்லை.

ஆனால் சித்தப்பா, யோசியுங்கள். பிடுங்கினால் மறுபடி மொட்டை. அந்த மொட்டையைத் தினமும் பார்க்கச் சித்தியால் முடியாது, முட்டிவலி வேறு. ஓலை நுனி ஊசி. அது விஷம், நாய் கடித்தால் நாய்க்கு ஆபத்து, உங்கள் நாயோ செருப்பையே விட்டுவைப்பதில்லை. இங்கே அது வேர் பிடித்துவிட்டது. நானும்தான்.

உங்கள் ஆசி எனக்கும் மரத்துக்கும் சேர்த்து வேண்டும். சித்திக்கு என் வணக்கம். நாய்க்கு முதுகில் ஒரு தட்டு.

பணிவுள்ள,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதைப் படிச்சா உங்க சித்தப்பா மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பாரா? நாளைக்கே வேனோட வந்து நிப்பார்" என்றாள். நியாயம். ஆகவே, மரம் செத்துவிட்டது. மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். என் கவனிப்பில் குறை இருந்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். கடைசியாக எடுத்தது. இன்று காலை.

போகும்போது அடியில் ஒரு கன்று விட்டுப் போயிருக்கிறது. தேங்காய் அளவு இருக்கும், நல்ல கனம். அதே ஜாதி, அதே பிடிவாதம். உங்கள் வாசலுக்கு அது சரியாக இருக்கும். வேன் வேண்டாம், ஒரு பை போதும்.

இதை எழுதி நிறுத்திவிட்டுப் போய், கத்தியால் கன்றைப் பிரித்தெடுத்தேன். வெட்டிய இடம் காய்வதற்காக என் அறை ஜன்னலில், பழைய பேப்பர்மேல் வைத்திருக்கிறேன்.