அரைப்பேர் பயம்

"அண்ணன், இங்க ஒங்களுக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு தாறாங்க?"

பிளேன்டீயை மேசையில் வைக்கப் போன கணபதியின் கை அப்படியே நின்றுவிட்டது. கேட்ட பெண்ணை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. மடியில் ஒரு டெப் வைத்து, அதன் திரையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பண்டாரவளையில் ஜெஸீம் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் இத்தனை வருஷமாகப் பரிமாறுகிறான். சோறு எவ்வளவு, கொத்துரொட்டி எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். அவனையே விலை கேட்டவர் யாருமில்லை.

அதுவும் இன்றைக்குப் பார்த்து! காலையில்தான் முதலாளி, "யாவாரம் படுத்திட்டு. மாசக் கடைசியில ஒராள நிப்பாட்டத்தான் வேணும்" என்று சொல்லியிருந்தார். கடையில் இருப்பதே இரண்டு பேர். வாசலில் ரொட்டி போடும் பர்ஹானை நிறுத்தினால் கடையே இல்லை. அப்புறம் மிச்சம் யார்?

பூனாகலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் புரியாதா என்ன? அங்கே கொழுந்தின் நிறை குறைந்தால் பாதிச் சம்பளம்தான். அதற்குத்தான் அரைப்பேர் என்று பெயர். புதிதாக ஓர் ஆள் மலையில் வந்து நின்று விசாரித்துவிட்டுப் போனால், அடுத்த வாரமே லயத்து வீடுகள் முழுக்க அரைப்பேர் விழும். குறை சொன்னவனுக்கு முதலில் விழும். அந்தக் கண்றாவி இப்போது டவுனுக்கும் வந்துவிட்டது, முதலாளிதான் இவளை அனுப்பி வேவு பார்க்கிறார் என்று கணபதி முடிவே கட்டிவிட்டான்.

"எங்க மொதலாளி தங்கமானவருங்க. அள்ளிக் குடுக்கிறாரு" என்றான்.

"எவ்வளவுன்னு செல்லுங்களேன்."

"அஞ்... ஐந்நூறுங்க!" அவன் வாங்குவது அதில் பாதிகூட இல்லை.

அவள் புருவம் மேலே போனது. டெப்பில் ஏதோ தட்டினாள். ஐயோ, குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று கணபதிக்கு வியர்த்தது.

கல்லாவிலிருந்து ஜெஸீம் முதலாளி விரைந்து வந்து அவன் காதைக் கடித்தார். "யாருடா அது?"

"நீங்க அனுப்புன ஆளு இல்லீங்களா?"

"நானா? யா அல்லாஹ்! லேபர் ஒபிஸ் ஆளுடா!" முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. கணபதிக்கு ஈ.பி.எப். சேமநிதிப் பணம் கட்டாத பாவம் அவருக்குத்தான் தெரியும். "என்ன சென்ன நீ?"

"ஐந்நூறுன்னு..."

"நல்ல வேலை செஞ்ச!" என்றவர், அந்தப் பெண்ணிடம் பல்லைக் காட்டினார். "ஓவர்டைம் காசும் வேறயா இரிக்கி, மகள்!"

கவுர்மெண்டிடமே பொய்யா! போலீஸ், கோர்ட்டு, வாசலில் நின்று அழும் பெண்டாட்டி விஜயலெட்சுமி, எல்லாம் கணபதியின் கண்முன் வந்து போயின. பொய்யை இன்னும் கொஞ்சம் பலமாகக் கட்டினால்தான் நிற்கும் என்று தோன்றியது.

"மூணு வேளைச் சாப்பாடுங்க. பஸ் காசுங்க. தீபாவளிக்குப் பொஞ்சாதிக்குச் சேலைங்க!"

"எனக்குப் பஸ் காசு தரல்லயே!" என்று வாசலிலிருந்து கத்தினான் பர்ஹான்.

"ஒனக்கும் இரிக்கிடா, வாயப் பொத்து!" என்று சீறினார் முதலாளி.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "ரொம்ப நல்ல எடம் அண்ணன். உட்டுப் போட்டுப் போயிராதீங்க" என்று டெப்பை மூடி எழுந்தாள். வாசலில் பர்ஹானிடம் நின்று ஏதோ கேட்டாள்.

"உளறுறான், மொதலாளி!"

"கையக் காட்டிக் கதைக்கிறான். நாசமாப் போச்சு!"

இருவரும் பிஸ்கட் அலுமாரிக்குப் பின்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் சிரித்துவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டாள். போலீசும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. முதலாளி அப்படியே கதிரையில் சாய்ந்தார்.

"கணபதி, ஒன்ட வாய்தான்டா கடையக் காப்பாத்தின. இனி ஒன்ன நிப்பாட்டுற கதையே இல்ல."

கணபதிக்கு அழுகையே வந்துவிட்டது. பதினைந்து நிமிஷத்துக்கு முன் செத்திருந்தவன் இப்போது தனக்கே ஒரு டீ ஊற்றிக்கொண்டான்.

பர்ஹான் இடுப்புத் துணியை அவிழ்த்து மடித்தபடி உள்ளே வந்தான்.

"மொதலாளி, நாளையில இருந்து நான் வாரல்ல. முன்னுக்குத் தொறக்கப் போற புது ஹோட்டல், டெப்போட வந்த அந்த ராத்தாடதாம், மணித்தியாலத்துக்கு முன்னூறு தாறதாம். கணபதி அண்ணனத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போக வந்தவாம், 'அவர் ஐந்நூறு எடுக்கிறாரே, எங்களுக்குக் கட்டாது'ன்னு கவலைப்பட்டுட்டுப் போறா."