காற்புள்ளி விழுங்கப்படுதல் தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும், பத்து வயதான எங்கள் கணினியும் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்ற துணிவில் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அக்காவுக்குப் பார்வையின் நடுப்பகுதி மட்டும் மங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு இப்போது ஒரு வரியைப் பார்த்தால் அந்த வரி மட்டும் தெரிவதில்லை. அச்சக முதலாளி, "அக்கா, மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. முடியலன்னா வேற ஆள் வச்சுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் என் பேச்சில்கூடப் பிழை கண்டுபிடிப்பதில்லை. முப்பத்தோரு வருடமாக நான் ஏங்கிய அமைதி அது. வந்தபோது பயந்துவிட்டேன்.

கணினியில் ஏதாவது வழி இருக்கும் என்று கடைக்குத் தூக்கிப்போனால், "வயசாயிடுச்சு சார், இனிமே தேறாது" என்று கடைக்காரன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். விடாமல் நூலகத்துக்குத் தூக்கிப்போனேன். அங்கே கணினிப் பிரிவைக் கவனிக்கும் பெண், நான் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பழையதை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். இதற்கு முதலாளி யார் என்று கேட்டேன். "யாரும் இல்ல சார். இது கட்டற்ற மென்பொருள். யார் வேணாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், சரி பண்ணலாம்." அப்படியானால் கையெழுத்துப் போடும் அதிகாரி யார் என்றேன். அதுவும் இல்லையாம். எங்கேயோ ஒருவர் எழுதுகிறாராம், இன்னொரு நாட்டில் ஒருத்தி திருத்துகிறாளாம், அவர்களை ஜென்மத்தில் பார்க்காத ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் பெயர்க்கிறாராம். மைத்துனரே, ஒரு நாற்காலிக்குக் கால் மாற்ற ஏழு கையெழுத்து வாங்கிய அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி படித்தது. வேகத்தைக் குறைக்கப் போய் மொழியை மாற்றிவிட்டேன். இரண்டு நாள் எங்களுக்குத் தெரியாத ஒரு பாஷையில் அது பேசிக்கொண்டே இருந்ததில், பக்கத்து வீட்டு அம்மா விருந்தாளி எத்தனை நாள் இருப்பார் என்று விசாரித்துவிட்டுப் போனார். அதைச் சரிசெய்தால், நிறுத்தற்குறிகளையும் சேர்த்துப் படி என்று சொல்லியும், தமிழில் காற்புள்ளிகளை மட்டும் விழுங்கியது. பிழை திருத்துகிறவளுக்குக் காற்புள்ளி கேட்காவிட்டால் மற்றதெல்லாம் கேட்டு என்ன பிரயோஜனம்? நூலகத்தில் உட்கார்ந்து, அந்த மென்பொருள்காரர்களிடம் குறை சொல்லும் இணையதளத்தில் உங்கள் அக்காவின் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்து, "பொருள்: காற்புள்ளி விழுங்கப்படுதல் – உரிய நடவடிக்கை கோருதல் – தொடர்பாக" என்று ஆரம்பித்து மூன்று பக்கத்துக்கு மனு அனுப்பினேன். பார்வைக்கு என் ஓய்வு ஆணையின் நகலையும் இணைத்தேன்.

மூன்றாம் நாள் சரிசெய்து புதிய பதிப்பே வந்துவிட்டது. அதைச் செய்தவர் கீழே ஒரு குறிப்பு போட்டிருந்தார்: "எனக்கும் பார்வை கிடையாது. தினமும் இதைத்தான் கேக்கறேன், ஆனாலும் கவனிக்கல. சொன்னதுக்கு நன்றி." நான் அழுதேன் என்று எழுத மாட்டேன். தலை மேசைமேல் இருந்தது, அவ்வளவுதான். கணக்கு அவள் பெயரில் இருந்ததால் நன்றியும் அவள் பெயருக்கே போய்விட்டது. போகட்டும், நான் பெரிதுபடுத்தவில்லை.

இது எதுவும் உங்கள் அக்காவுக்குத் தெரியாது. அந்தக் குரலில் செய்தி கேட்பதோடு சரி. மாசக் கடைசிக்கு இன்னும் நான்கே நாள். இதைக் கேட்டே பிழை திருத்தலாம், அச்சக வேலையை விட்டுவிடாதே என்று நான் சொன்னால் எடுபடாது. தயவுசெய்து நீங்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

தங்கைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: நான் குளிக்கப் போன நேரத்தில் உங்கள் அக்கா இந்தக் கடிதம் முழுவதையும் கணினியில் கேட்டிருக்கிறாள். பதினோரு பிழையாம், திருத்திவிட்டாள். பன்னிரண்டாவது தகவல் பிழை, அதை நீங்களே உங்கள் கையால் எழுதிவிடுங்கள் என்று என்னிடம் சொன்னாள். "உங்க மனுவை அன்னைக்கே மூடிட்டாங்க, என்ன பிரச்சினைன்னே புரியலயாம். நான்தான் அதுக்குக் கீழ நாலு வரி எழுதினேன்." பத்து நாளாக அச்சகத்திலிருந்து பக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றனவாம். நான் நூலகத்தில் இருக்கும் நேரத்தில் கேட்டுத் திருத்தி அனுப்பிவிடுகிறாளாம். முதலாளி வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எனக்காக அவ்வளவு சந்தோஷமா ஓடிக்கிட்டிருந்தீங்க. நிறுத்த மனசு வரல" என்றாள். ஆகவே தாங்கள் வர வேண்டிய அவசியமில்லை. அடுத்த பதிப்பை வெளியிடுவதற்கு முன் சோதித்துச் சொல்லும்படி அந்த மென்பொருள் மனிதர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவளைத்தான். என்னைக் கேட்கவில்லை.