நாலு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு எலெக்ட்ரிக் பைக்கும்

இனி என் ஆயுளில் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆபீஸ் போவதில்லை என்று ஒரு புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு உறுதியாக முடிவெடுத்தேன். முடிவெடுக்கும்போது மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். மடியில் இரண்டு சாப்பாட்டுப் பை. தோளில் அவளுடைய கைப்பை.

என் ஆபீஸ் கேட்டில் அவள் என்னை இறக்கிவிடும்போது வாட்ச்மேன் தினமும் சல்யூட் அடிப்பார். அவளுக்கு. எனக்கு, பார்சல் வந்து சேர்ந்ததற்கான ஒரு தலையசைப்பு மட்டும். பதினோரு வருஷமாக இதுதான் நடக்கிறது. சொந்த வண்டியில், தனி ஆளாக, ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு நாளாவது அந்த கேட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். மற்றபடி எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது.

சனிக்கிழமை ஒரு பழைய எலெக்ட்ரிக் பைக்கோடு வீட்டுக்கு வந்தேன். ஓட்டிக்கொண்டு இல்லை, தள்ளிக்கொண்டு. விற்றவர் நேர்மையானவர். "பேட்டரி போயிடுச்சு சார், ஓடாது" என்று சொல்லித்தான் விற்றார். ஓடாத வண்டி என்பதால்தான் என் கைக்கு எட்டியது.

மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். அவள் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். எதையும் பிழை இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் பார்ப்பாள்.

"இதை யாரு ரிப்பேர் பண்றது?"

"நான்தான்."

"நீங்களா?"

அந்த ஒரு சொல்லில் பதினோரு வருஷ இல்லறமும் இருந்தது.

"மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தாலே காசும்மா. நானே பார்த்துக்கிறேன்."

"சரி. இந்தக் கவர்ல இருக்கிறதுதான் பட்ஜெட். நாலு ஞாயிறு டைம். அதுக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக்காரர்தான். ஓடுற வரைக்கும் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. அப்புறம், பிரேக்கைக் கட்டிட்டு வேலை பாருங்க."

பிரேக்கைக் கட்டுவது எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் வாசல் சரிவு. போன வருஷம் அவளுடைய ஸ்கூட்டர் ஸ்டாண்டிலிருந்து தானாக இறங்கி, பக்கத்து வீட்டு இன்சூரன்ஸ்காரரின் ஆறு பூந்தொட்டிகளை உடைத்துவிட்டுத்தான் நின்றது. அன்றிலிருந்து, வாசலில் நிற்கும் எந்த வண்டிக்கும் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கைப்பிடியோடு சேர்த்து ஒரு துணியால் கட்டிவிட வேண்டும். துணி என் பழைய பனியனிலிருந்து கிழித்தது. கட்டுவது என் வேலை. இந்த பைக்கில் முன் பிரேக் இடது கையில் இருந்தது. கட்டினேன்.

"வண்டியோட ஒரு புத்தகம் குடுத்திருக்காங்களே, படிச்சீங்களா?"

"கைவேலை தெரியாதவங்கதாம்மா அதெல்லாம் படிப்பாங்க."

"அப்படியா? சரி, நான் படிச்சுக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பவள். நான் சிரித்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு, யாரோ பிரித்துச் சரிசெய்து விற்ற பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டினேன். கவரில் முக்கால்வாசி காலி. பின் சக்கரம் தரையில் படாதபடி நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. வலது கைப்பிடியை முறுக்கினேன். சக்கரம் அசையவில்லை. சத்தம் உண்டு, அசைவு இல்லை. இந்த வீட்டில் என் அதிகாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மதில் சுவருக்கு மேலே இன்சூரன்ஸ்காரரின் தலை தெரிந்தது. "சார், எனக்கென்னமோ முறுக்குற கைப்பிடி மேலதான் சந்தேகமா இருக்கு." மனிதர் தன் வீட்டில் பல்பைக்கூடக் கழற்றியது கிடையாது. ஆனால் சந்தேகம் மட்டும் துல்லியமாக வரும்.

கைப்பிடியைக் கழற்றலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். உள்ளிருந்து குரல்.

"ஏங்க, கையில ஸ்பேனர் இருக்கா?"

"இருக்கு."

"அப்படியே அந்த பாத்ரூம் குழாயை ஒரு முறுக்கு முறுக்கிடுங்களேன்."

மூன்று வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய். மெக்கானிக் ஆகிவிட்ட பிறகு முடியாது என்றா சொல்ல முடியும்? சரிசெய்தேன்.

இரண்டாவது ஞாயிறு கைப்பிடியை மாற்றினேன். அசையவில்லை. ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்ததால் சமையலறை அலமாரிக் கதவும், கிறீச்சிடும் மின்விசிறியும் சரியாயின. மூன்றாவது ஞாயிறு ஒயர் ஒயராகப் பிரித்து மறுபடி சேர்த்தேன். அசையவில்லை. டெஸ்டர் கையில் இருந்ததால் காலிங் பெல்லும் இஸ்திரிப் பெட்டியும் உயிர் பெற்றன. என் கை பட்டதெல்லாம் ஓடியது, பைக்கைத் தவிர. ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்ததும் மனைவி வந்து பார்ப்பாள்.

"பிரேக்கைக் கட்டியிருக்கீங்கல்ல?"

"கட்டாம இருப்பேனா?"

"நல்லது."

இவ்வளவு தோல்விக்கு நடுவிலும் என்னைக் குறை சொல்லாத மனைவி என்று உண்மையிலேயே நெகிழ்ந்து போனேன்.

நாலாவது ஞாயிறு. மாலை நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வருவதாக அவள் சொல்லியிருந்தாள். கவர் காலி, என் அறிவும் காலி. மூன்று மணிக்கு அவள் கேட்டுக்கொண்டபடி வாசல் கேட்டின் தாழ்ப்பாளைச் சரிசெய்து கொடுத்தேன். அது வண்டியை வெளியே எடுத்துப் போக வசதியாக இருக்குமாம். பிறகு பைக்கின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேனின் சல்யூட் கண்ணெதிரே வந்து வந்து போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

மனைவி டீயோடு வந்தாள். தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். வரிசையாக ஆறு வேலைகள் எழுதியிருந்தன. ஐந்தை ஏற்கனவே அடித்திருந்தாள், ஆறாவதையும் அடித்தாள். பிறகு குனிந்து பிரேக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"இப்ப முறுக்குங்க."

முறுக்கினேன். பின் சக்கரம் விர்ரென்று சுற்றியது.

"பதினொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கு. பிரேக் பிடிச்சிருந்தா மோட்டாருக்குக் கரண்ட் போகாதாம்."

"எப்ப படிச்சே?"

"முதல் ஞாயித்துக்கிழமை. நீங்க பேட்டரி மாட்டினதுமே அது சரியாயிடுச்சு. நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"எப்படிங்க சொல்றது? அன்னிக்குக் குழாய் மட்டும்தானே முடிஞ்சிருந்தது?"

"அப்போ இரும்புக்காரர்?"

"அவரை யாரு கூப்பிட்டா?"

கோபப்பட நினைத்தேன். ஆனால் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கும்போது எனக்குக் கோபம் ஒழுங்காக வராது. "சரி, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று ஏறி உட்கார்ந்தேன்.

"போங்க. போற வழியில இதைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க."

பனியன் துணி. மடித்து வைத்திருந்தாள்.

"இது அவங்களுக்கு எதுக்கு?"

"அவங்க வீட்டுக்காரரும் நேத்து இதே மாதிரி ஒரு பைக் வாங்கிட்டு வந்திருக்காராம். அவங்க வாசலும் சரிவுதானே? ஒரு மாசத்துக்கு இரவல் கேட்டாங்க. அவங்க சீட்டுல பதினாலு வேலை இருக்காம்."

என் சொந்த வண்டியின் முதல் பயணம் பக்கத்து வீடு வரைக்கும். இன்சூரன்ஸ்காரர் வாசலில் புது ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் பெருமை. பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபடி திரும்பிப் பார்த்தேன். எங்கள் கேட்டில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"வாசல் சரிவா இருக்கு சார்," என்றேன். "முதல்ல பிரேக்கைக் கட்டிடுங்க."