சிராய் அங்கிள் செய்த கழுதை

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையில் குடியிருந்த யாருக்கும் முகம் பார்க்கக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. சிராய் அங்கிள் இருந்தார். துறைமுகத்தில் கிளார்க் வேலை. மற்ற நேரமெல்லாம் பெட்டிப் பலகையில் பொம்மை செதுக்குவார். தலைமயிர், சட்டை, சோற்றுக்கோப்பை எல்லாவற்றிலும் மரச்சிராய். பூசையில்கூட மடியில் கத்தியும் கட்டையும் இருக்கும்.

"ஃபாதர் நீளமாப் பிரசங்கம் வைச்சா ஒரு முழு ஆடு, பிள்ளை. சுருக்கினா தலை மட்டும்தான்" என்பார்.

நத்தார்ப் பண்டிகைக்கு ஒழுங்கை முகப்பில் வைக்கும் பாலன் குடிலுக்கு அவர்தான் சுரூபங்கள் செய்வார். ஆனால் மனிசனுக்குக் கற்பனை முகம் வராது. அன்றாடம் பார்க்கிற முகம்தான் கைக்கு வரும். மூன்று ராசாக்களில் ஒருவர் அச்சு அசலாக மூலைக்கடை நானா. நானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாண் ரொட்டி வாங்க வந்தவர்களையெல்லாம் குடிலுக்குக் கூட்டிப்போய், "நம்மட மூஞ்சிதான், நல்லாப் பாருங்க" என்று காட்டினார். பாண் அதுபாட்டுக்குக் கடையில் காய்ந்தது.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அப்பா ரேடியோவில் செய்தி கேட்கும் நேரம் பார்த்து அந்தப் பக்கம் டொக், டொக். ஒருநாள் அப்பா பொறுமையிழந்து, "கழுதை! மனிசர் செய்தி கேக்கிறேல்லையோ?" என்று கத்தினார். டொக் டொக் உடனே நின்றது. அவர் அப்படி உடனே அடங்குகிற ஆளில்லை.

அந்த நத்தாருக்குக் குடிலில் புதிதாக ஒரு கழுதை வந்தது. காது மட்டும்தான் கழுதையுடையது. தொங்கிய கன்னம், நெற்றிச் சுருக்கம், இறுக்கிய வாய் எல்லாம் அப்பா. ஒழுங்கையே வாய்பொத்திச் சிரித்தது.

அதே வாரம்தான் வெள்ளவத்தையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையை நான் முன்பே ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, மனதுக்குள் 'ஓம்' சொல்லிவிட்டேன். குடிலைத் தாண்டாமல் எங்கள் வீட்டுக்கு வர வழியில்லை. "கழுதையின்ரை மகளை ஆர் கட்டுவினம்?" என்று அப்பா புலம்பினார். குடிலில் வைத்த சுரூபம். எடுத்தெறிய அவருக்குக் கை வரவில்லை. தன் தோளில் கிடந்த துவாயால் அதை மூடிவிட்டார்.

வந்த மாப்பிள்ளையின் அம்மா நேரே போய்க் குடில் முன்னால்தான் முழங்காலிட்டார். "பாவம், கழுதைக்குக் குளிருதோ?" என்று துவாயைத் தூக்கினார். கழுதையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி கழுதையைப் பார்த்தார். அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் என் கல்யாணம் தொங்கிக்கொண்டு நின்றது.

வேடிக்கை பார்க்கக் கூடிய ஒழுங்கைச் சனத்தை விலக்கிக்கொண்டு சிராய் அங்கிள் வந்தார். "நான்தான் செய்தனான். மாதாவைச் சுமந்த கழுதையல்லோ? சுமக்கிற முகம் இந்த லேனில இவரின்ரை ஒண்டுதான். பெஞ்சாதி போனாப்பிறகு மூண்டு பிள்ளையளையும் தனியச் சுமந்தவர். ஒருநாளும் இறக்கி வைக்கேல்லை."

அப்பா துவாயை வாங்கி முகத்தை அழுத்தித் துடைத்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளுக்கை போய் நாள் பாப்பம், வாங்கோ" என்றார் அப்பாவிடம்.

கல்யாணம் முடிந்தபின் சிராய் அங்கிளைத் தனியே பிடித்தேன். "உண்மையைச் சொல்லுங்கோ அங்கிள், அப்பா ஏசினதுக்குத்தானே அவரைக் கழுதையாக்கினீங்கள்?"

"ஓம் பிள்ளை, கோவத்திலதான் தொடங்கினனான். காது வெட்டேக்கை நல்ல சந்தோசம்" என்று சிரித்தார். "கண் வெட்டத்தான் கை ஓடேல்லை. கொப்பரின்ரை கண்ணை யோசிச்சு யோசிச்சு நாலு நாள் கத்தியை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தனான். பிறகு ஆரோடை கோவம்?"

ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்த நான், அப்பாவின் கண்களை நாலு நாள் யோசித்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஏச்சு வாங்கிய மனிசர் யோசித்திருக்கிறார். அதற்காகவே சிராய் அங்கிளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.